பயொப்சி வேண்டாம் என்று எழுதிய வரி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் மிக நுண்ணிய துணிக்கைகளைக் கொண்டு இரத்தத்தில் இருப்பதை அளக்கும் நனோ உணரிகள் பற்றி வந்த கட்டுரையில், "இனி ஊசி குத்திச் சதை எடுக்கத் தேவையில்லை, ஒரு துளி இரத்தத்திலேயே புரொஸ்டேட் புற்றுநோய் உறுதியாகிவிடும்" என்று ஒரு வரி இருந்தது. என் கணவருக்கு இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு 9க்கு மேல் வந்து, நிபுணர் பயொப்சிக்கு, அதாவது அந்த ஊசி குத்திச் சதை எடுக்கும் சோதனைக்கு, திகதி கொடுத்திருந்தார். அந்த வரியை வாசித்த பிறகு போக மாட்டேன் என்கிறார். "பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள், அந்தக் கருவி வரட்டும்" என்கிறார். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். என் பேச்சு எடுபடவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல, பி.எஸ்.ஏ. என்பது புற்றுநோய் சுரக்கும் நஞ்சு அல்ல. சலப்பைக்குக் கீழே உள்ள புரொஸ்டேட் சுரப்பி எல்லா ஆண்களிலும் சுரக்கும் ஒரு புரதம். வயதோடு சுரப்பி வீங்கினாலும் கூடும், கிருமி தொற்றினாலும் கூடும். மில்லிலீற்றருக்கு 4 நனோகிராம் என்ற எல்லையைத் தாண்டிப் பயொப்சி செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. தங்க நனோத்துணிக்கையிலோ கிராபீன் என்ற மெல்லிய கரிப் படலத்திலோ, பி.எஸ்.ஏ.யை மட்டும் பிடிக்கும் புரதமான பிறபொருளெதிரியை ஒட்டிவைத்து, பி.எஸ்.ஏ. வந்து அதில் ஒட்டும்போது மாறும் மின்சைகையை அளப்பதுதான் இந்த உணரிகளில் பலவற்றின் வேலை. நனோகிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் என்கிறார்கள். காட்டட்டும். 9 நனோகிராமை இன்றைக்கு இருக்கும் மெஷினே நன்றாகக் காட்டுகிறது. அது புற்றுநோயிலிருந்து வந்ததா, வீக்கத்திலிருந்து வந்ததா என்பதல்லவா கேள்வி? அதே புரதத்தை இன்னும் நுணுக்கமாக அளந்தால் அதற்குப் பதில் வந்துவிடாது.

நல்ல ஆராய்ச்சியை நான் குறைசொல்லவில்லை. சுரப்பியை வெட்டி எடுத்தவர்களுக்குப் பி.எஸ்.ஏ. இல்லை என்ற அளவுக்கு இறங்க வேண்டும். அங்கே துளியளவு ஏறினாலும் நோய் திரும்புகிறதோ என்று பார்க்கலாம். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2009இல் தங்கத் துணிக்கைகளை வைத்து அப்படிப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தில்தான் அளந்தார்கள். அதுபோல ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே. உங்கள் கட்டுரையில் எந்த ஆண்டு, எந்த நாடு, நோயாளியின் இரத்தமா, பி.எஸ்.ஏ. கலந்துவைத்த உப்புக் கரைசலா, ஒன்றுமே இல்லை. கரைசலில் அழகாக வேலை செய்வது இரத்தத்தில் அல்புமினும் மற்றப் புரதங்களும் வந்து ஒட்டியதும் தடுமாறும். ஆய்வுகூடத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஹோமாகமையில் நம் நாட்டின் நனோ தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஒரு போன் எடுத்துக் கேட்க முடியாதா?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சில வருடங்களுக்கு முன் இவருக்குச் சலத்தில் கிருமி இருந்த நேரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பி.எஸ்.ஏ. எடுத்தார்கள். காய்ச்சலா, சலம் எரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எண் ஏறியிருந்தது, அவ்வளவுதான், வீடே செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. மருந்து எடுத்து, கொஞ்சக் காலம் விட்டு மறுபடி பார்த்தபோது இறங்கியிருந்தது. ரிப்போர்ட்டில் இதைப்பற்றித் தமிழில் ஒரு வரி இருந்ததா? இல்லை, எல்லாம் ஆங்கிலம். அப்போதும் உங்களுக்கு எழுதினேன், நீங்கள் போடவில்லை. அந்தப் பக்கத்தில் ஆண்களின் "அந்தரங்க நோய்"களுக்கு லேகிய விளம்பரம் மட்டும் வாராவாரம் தவறாமல் வருகிறது. நம் ஆண்கள் வெட்கத்தில் டொக்டரிடம் கேட்காததைப் பேப்பரில்தான் தேடுகிறார்கள், ஐயா. உங்களை நம்பித்தான் தேடுகிறார்கள்.

நான் கேட்பது சிறிய விஷயம்தான். அந்த உணரி இன்னும் பயொப்சிக்கு மாற்றாகவில்லை, டொக்டர் கொடுத்த திகதியை யாரும் தள்ளிப்போட வேண்டாம் என்று ஒரு திருத்தம் போடுங்கள். சலத்தில் கிருமி இருக்கும்போது பி.எஸ்.ஏ. எடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். அதே மருத்துவப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.