லினக்ஸ் என்று விற்றீர்கள், காலியாகத் திருப்பித் தந்தீர்கள்: நான்காவது புகார் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

அனுப்புநர்: உங்கள் மடிக்கணினியை வாங்கியவன், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பொருள்: பயாஸ் (கணினியின் தொடக்க அமைப்பு) கடவுச்சொல், அழிக்கப்பட்ட வட்டு, உங்கள் ஈப்போ முகப்பிடத்தில் கேட்ட பேச்சு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் மூன்று கடிதம் எழுதினேன். இரண்டு ஆங்கிலத்தில், ஒன்று மலாயில். மூன்றுக்கும் வந்தது ஒரே பதில்: உங்கள் கருத்துக்கு நன்றி. நான் எழுதியது கருத்து இல்லை, புகார். தீபாவளிக்கு நீங்கள் போட்ட விளம்பரம் தமிழில் இருந்தது. அப்படியானால் உங்களிடம் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பார் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன்.

அந்த விளம்பரத்தில் "லினக்ஸ் உடன், திறந்ததும் பயன்படுத்தலாம்" என்று இருந்தது. லினக்ஸ் என்பது வின்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். நம்பி 3,199 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன்.

நான் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் 27 வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன். கணினி படித்தவன் இல்லை. ஆனால் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வின்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிகிறது, என் பழைய மேசைக் கணினியில் வின்டோஸ் 11 ஏறாது என்று தெரிந்ததும், நானே அதில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டேன். 4 ஜிபி ரேம்தான். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. கோயில் கணக்கு எழுத, கரண்டு பில் கட்ட, காலையில் செய்தி வாசிக்க இன்றுவரை முணுமுணுக்காமல் ஓடுகிறது. எனக்கே இவ்வளவு தெரியும்போது, லினக்ஸ் கணினி விற்கிறவர்களுக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அது தப்பா?

பெட்டியைத் திறந்த அன்றே வைஃபை இல்லை. "இணைப்பு கிடைக்கவில்லை" என்றுகூட வரவில்லை, வைஃபை என்ற சொல்லே திரையில் எங்கும் இல்லை. உங்கள் ஹாட்லைனுக்கு நான்கு தடவை அழைத்தேன். நான்கு பேரும் முதலில் கேட்டது, "வின்டோஸ் அப்டேட் செய்தீர்களா?" லினக்ஸ் என்கிறேன். சரி என்கிறார், அப்புறம் "கன்ட்ரோல் பேனலைத் திறங்கள்" என்கிறார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது பாலிடெக்னிக்கில் இணையப் பாதுகாப்பு படிக்கும் என் மகள். நீங்கள் போட்டிருந்தது உபுண்டு என்ற லினக்ஸின் 22.04 பதிப்பு, அதுவும் 2022 ஏப்ரலில் வந்த முதல் வெளியீடு. அதன் கெர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் மையப் பகுதி, 5.15. நீங்கள் உள்ளே வைத்த வைஃபை சில்லு ரியல்டெக் 8852பிஇ. அந்தச் சில்லை இயக்கும் டிரைவர் மென்பொருள் கெர்னலுக்குள் வந்ததே 6.2இல்தான். புதுச் சில்லு, பழைய கெர்னல், எப்படிப் பேசிக்கொள்ளும்? புதிய உபுண்டு 24.04 வெளிவந்தே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதைப் போட்டிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது. மகள் தன் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் மாட்டி, அதன் இணையத்தைக் கொண்டே 6.8 கெர்னலை இறக்கினாள். மறுபடி திறந்ததும் பக்கத்து வீட்டு வைஃபை வரைக்கும் வரிசையாக வந்து நின்றது. பத்து நிமிட வேலை. இதை உங்களுக்கு எழுதியும் அனுப்பினேன். அதற்கும் கருத்துக்கு நன்றி.

அதை நான் மன்னித்துவிட்டேன். உண்மையாகவே. என் கோபம் அதில் இல்லை.

"அங்கிள், காளி வேணும்னா கோயிலுக்குப் போங்க. இங்க வின்டோஸ் மட்டும்தான்."

என் மகளின் படிப்புக்குக் காளி என்ற லினக்ஸ் ஓட வேண்டும் என்று கேட்டதற்கு, ஈப்போ முகப்பிடத்தில் இருந்த உங்கள் ஊழியர் தம்பி சொன்னது இது. பின்னால் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் நனைந்த கோழி மாதிரி நின்றேன், ஏனென்றால் உண்மையிலேயே நனைந்துதான் வந்திருந்தேன். கந்தான் சுண்ணாம்பு மலைப் பக்கம் கல் லாரிகளுக்கு நடுவில், மோட்டாரில், கணினியை மழைக்கோட்டில் சுற்றி வைத்துவிட்டு நான் நனைந்துகொண்டு வந்தேன். அவர் ஒரு துணி கொடுத்திருக்கலாம். நாற்காலியாவது காட்டியிருக்கலாம்.

காளி லினக்ஸ் கோயில் சமாச்சாரம் இல்லை. 2013இல் பேக்டிராக் என்ற பழைய லினக்ஸுக்குப் பதிலாக வந்த, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, பாதுகாப்புச் சோதனைக்கென்றே ஆன லினக்ஸ். லினக்ஸுக்குப் புதியவர்களின் அன்றாட வேலைக்கு இது ஏற்றதல்ல என்று அதைச் செய்கிறவர்களே சொல்கிறார்கள். அதனால்தான் என் மகள் அன்றாடத்துக்கு உபுண்டு, பயிற்சிக்கு அதற்குள்ளே விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) காளி என்று பிரித்துக்கொண்டாள். எதையாவது குழப்பினாலும் உள்ளே இருப்பதுதான் கெடும், வெளியே இருப்பது பிழைக்கும். "ஹேக்கிங்லாம் செஞ்சா போலீஸ் வரும் அங்கிள்" என்று வேறு புத்தி சொன்னார் அந்தத் தம்பி. 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் என் மகளின் விரிவுரையாளர் முதல் பாடத்தையே தொடங்கினார். அவள் சோதிப்பது தன் கணினிக்குள் தானே உருவாக்கிய பயிற்சி இயந்திரங்களை மட்டும்.

நான் ஏன் ஈப்போவுக்கு வந்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் ஓட, பயாஸில் விடி-எக்ஸ் என்ற அமைப்பு திறந்திருக்க வேண்டும். உங்கள் கணினியில் மூடியிருந்தது. திறக்கப் போனால் பயாஸ் கடவுச்சொல் கேட்டது. அதை வைத்தது நாங்கள் இல்லை, நீங்கள். யுஎஸ்பியிலிருந்து வேறு லினக்ஸ் ஏற்றுவதற்கும் அதே பூட்டு. அதாவது மின்ட் வேண்டுமா, டெபியன் வேண்டுமா, ஃபெடோரா வேண்டுமா என்பதை, காசு கொடுத்த நான் முடிவு செய்ய முடியாது.

முதல் பயணம்: கடவுச்சொல் தெரிந்தவர் விடுப்பில். இரண்டாவது: மேலே சொன்ன காளி வசனம், "மூன்று நாளில் தருகிறோம்". பதினாறு நாள் ஆயிற்று. மூன்றாவது பயணத்தில் கணினி கைக்கு வந்தது, 80 வெள்ளி "மென்பொருள் கட்டணம்" கட்டிய பிறகு.

வீட்டுக்கு வந்து திறந்தோம். உபுண்டு இல்லை. வட்டு முழுவதையும் துடைத்து வின்டோஸ் போட்டிருந்தீர்கள். வலது கீழ் மூலையில், "வின்டோஸைச் செயல்படுத்துங்கள்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் போகாமல் நிற்கிறது. உரிமம் இல்லாத வின்டோஸுக்கு 80 வெள்ளி. சரி, கடவுச்சொல்லையாவது எடுத்திருப்பார்கள் என்று பயாஸுக்குள் போனால், அது அப்படியே இருக்கிறது!

எடுக்கச் சொன்னதை விட்டுவிட்டு, எடுக்கக் கூடாததை எல்லாம் எடுத்திருக்கிறீர்கள். காளி கேட்டேன், காலி பண்ணிக் கொடுத்தீர்கள்.

நான்காவது தடவை போனபோது அதே தம்பி, "அது ஃபேக்டரி பாஸ்வேர்ட், பினாங்கு ஆஃபீஸைக் கேளுங்க" என்றார். அப்படியானால் பதினாறு நாள் என் கணினி உங்களிடம் என்ன செய்துகொண்டிருந்தது?

அழிந்ததில் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் நன்கொடைக் கணக்கு இருந்தது. 212 பேர் பெயர். ஊர்க் காசு. கோயில் தலைவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? மகளின் ஒரு பருவத்து வேலை முழுவதும் போயிற்று. (பாதி அவளுடைய பென்டிரைவில் இருந்தது. "அப்பா, ஏன் பேக்கப் எடுக்கல?" என்று எனக்கும் திட்டு விழுந்தது. அது எங்கள் வீட்டு விஷயம்.) மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் காளிக்கு மடிக்கணினியின் சொந்த வைஃபை வெறும் கம்பி இணைப்பாகத்தான் தெரியும் என்பதால், ஏஆர்9271 சில்லு உள்ள யுஎஸ்பி வைஃபை கருவி ஒன்று தனியாக வாங்கினோம். அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சாமி மேடைப் பக்கம் கிடக்கிறது.

என் கணக்கில் நட்டம் 8,000 வெள்ளி. கணினி விலை, 80 வெள்ளி, பெட்ரோல், யுஎஸ்பி கருவி போக, மீதி என் மனவேதனைக்கு. அதிகம் என்று தோன்றினால் ஒரு நாள் மழையில் மோட்டாரில் கந்தான் வழியாக வந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நான் சண்டைக்காரன் இல்லை. உங்கள் கணினியின் விசைப்பலகை நன்றாகவே இருக்கிறது, பேட்டரியும் குறை சொல்ல முடியாது. 14 நாளுக்குள் பயாஸ் கடவுச்சொல்லை எடுத்து, 24.04 போட்டு, 80 வெள்ளியைத் திருப்பித் தந்தால் மனவேதனையை நானே பார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முழு விலையைத் திருப்பிக் கேட்பேன். விற்கும்போது சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கு போடக் கட்டணம் 5 வெள்ளி. உங்கள் மென்பொருள் கட்டணத்தைவிட 75 வெள்ளி குறைவு. பாரத்தை நிரப்பி வைத்துவிட்டேன், தேதி மட்டும்தான் போடவில்லை.

அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. லினக்ஸ் என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் யாராவது சொல்லிக் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என் மகளை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாடிக்கையாளர்

பி.கு.: கணினியைச் சுற்றிக் கொண்டுவந்த என் நீல மழைக்கோட்டு இன்னும் உங்கள் முகப்பிடத்தில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து அனுப்பவும்.