தீப்பிடித்த இரண்டாம் மாடி வீடு: இன்று அடைப்பு வேலை

அனைவருக்கும் வணக்கம். உடைந்த ஜன்னல்களையும் பால்கனியையும் 12 மி.மீ. பிளைவுட் வைத்து இன்று மாலைக்குள் அடைத்துவிடுகிறோம். வாசலுக்குத் தகரம் அடித்துப் பூட்டு. ஒரு சாவி வீட்டுக்காரரிடம், இன்னொன்று வாட்ச்மேனிடம். ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போட்டு முடுக்கச் சொல்லியிருக்கிறேன். வெந்த சுவரில் சுத்தியல் பட்டால் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது, நேற்றே பார்த்தேன். உள்ளே ஈரம் தங்காமலிருக்க சன்ஷேடுக்குக் கீழே நாலு விரற்கடை இடைவெளி இருக்கும்.

தயவுசெய்து யாரும் உள்ளே போய்க் கூட்டிப் பெருக்க வேண்டாம். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும்வரை சாம்பல்கூட அப்படியே கிடக்கட்டும். 300 டிகிரிக்கு மேல் சுட்ட கான்கிரீட் பலம் இழக்கும். சீலிங்கில் தெரியும் இளஞ்சிவப்பு அதற்கான அறிகுறி. பொறியாளர் தட்டிப் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பால்கனிக்குக் கீழே வண்டி நிறுத்தாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். மறுபடி புகை வந்தால் முதலில் 101, பிறகு எனக்கு.