எட்டு போட்டால் போதுமா? பைக் உரிம விதிகளைத் திருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து அதிகாரிகளுக்கு,

புதிதாக பைக் ஓட்ட வருவோருக்கான விதிகளை மாற்றும்போதெல்லாம் பேச்சு மூன்றைச் சுற்றியே வருகிறது: வயது என்ன, எஞ்சின் எத்தனை சி.சி., பழகுநர் காலம் எத்தனை மாதம். தாளில் எழுதவும் சரிபார்க்கவும் இவை எளிது. ஆனால் நடுச்சாலையில் ஒருவர் குறுக்கே வந்தால் ஓட்டுபவரின் கை என்ன செய்யும் என்பதை இம்மூன்றும் சொல்லாது. அதனால் திருத்தத்தில் முதல் இடம் அவசர பிரேக் தேர்வுக்கு வேண்டும் என்று கேட்கிறோம்.

எட்டு போடும் தேர்வை எடுத்துவிடச் சொல்லவில்லை. பாதி கிளட்சில் வண்டியை நகர்த்துவது, பின் பிரேக்கை லேசாக மிதித்து வேகத்தைக் கட்டுவது, திரும்பப்போகும் பக்கம் தலையைத் திருப்புவது ஆகிய மூன்றும் அதில் தெரிந்துவிடும். நெரிசலில் இவை உதவும். சிக்கல் வேறு. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும். கால் தரையில் பட்டால் தேர்வு போச்சு. ஆகவே தேர்வுக்குத் தயாராகும் ஒவ்வொருவரும் "முன் பிரேக்கைத் தொடாதே" என்ற பாடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பழகுகிறார். மெதுவேகத் திருப்பத்துக்கு அது சரி. அதே பழக்கத்தோடு நேர்ச்சாலையில் 50 கி.மீ. வேகத்தில் போனால் ஆபத்து.

கணக்கைப் பாருங்கள். உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வேகம் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 12.5 கி.மீ. குறையும். இரண்டு பிரேக்கையும் பழகிய கையால் பிடித்தால் விநாடிக்கு 25 கி.மீ. வரை குறைக்கலாம். 50 கி.மீ. வேகத்தில் முதல் ஆள் நிற்க 28 மீட்டர் எடுப்பார், இரண்டாமவர் 14 மீட்டரில் நிற்பார். சுதாரிக்கப் போகும் ஒரு விநாடியில் கடக்கும் 14 மீட்டர் இருவருக்கும் பொது. இரண்டாமவர் நின்றுவிட்ட அதே இடத்தை முதல் ஆள் கடக்கும்போது அவர் வேகம் இன்னும் 35 கி.மீ.

காரணம் எடை முன்னால் பாய்வதுதான். பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் லேசாகி, மிதியை அழுத்தினால் பூட்டிக்கொண்டு வால் பக்கம் சறுக்குகிறது. ஆனால் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தாலும் கெடுதல்: பாரம் வந்து சேர்வதற்குள் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி கீழே. முதலில் மெல்ல அழுத்தி, ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) அமுங்கியதும் பிடியை இறுக்க வேண்டும். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டுவதைத் தடுக்கும். லீவரை அழுத்தவே அஞ்சும் கைக்கு அது துணிவு தராது. வண்டி நன்றாகச் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏ.பி.எஸ்.ஸை முழுவதும் நம்பவும் முடியாது.

"இதற்கெல்லாம் இடம் எங்கே?" என்பது வழக்கமான பதில். 90 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள தார்த்தளம் போதும். முதல் 40 மீட்டரில் 40 கி.மீ. வேகத்தை எட்டலாம். வேகத்தை அளக்க 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகள், 40 கி.மீ. என்றால் அந்த இடைவெளியைக் கடக்க 0.45 விநாடி. நிறுத்தச் சொல்லும் விளக்கு எப்போதும் ஒரே கோட்டில் எரியக் கூடாது, எரிந்தால் எல்லோரும் முன்கூட்டியே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவார்கள். விளக்கு எரிந்த இடத்திலிருந்து, சுதாரிக்கும் தூரமும் சேர்த்து, 22 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்று வையுங்கள். பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் 29 மீட்டரை நெருங்குவார். எல்லைக் கோடே ஆளைக் காட்டிவிடும். இரண்டு முறை முயல விடலாம். தளத்தில் மணல் இருக்கக் கூடாது. ஹெல்மெட் வார் மாட்டாதவரைத் தொடங்கவே விடக் கூடாது.

தேர்வாளர் தூரத்தை மட்டும் குறிக்காமல் தவறையும் குறிக்கட்டும். பிரேக்குக்கு முன்பே கிளட்சைப் பிடித்து வண்டியை உருள விடுவது, ஆக்சிலரேட்டரை மூடாமலே லீவரைப் பிடிப்பது, பார்வையை முன் சக்கரத்தில் இறக்குவது, நிற்பதற்கு முன்பே காலைத் தொங்கவிடுவது ஆகிய நான்கும்தான் அடிக்கடி வரும். தோற்றவர் கையில் இந்தக் குறிப்பு கிடைத்தால் அடுத்த முறைக்கு எதைப் பழகுவது என்று தெரியும்.

விலகிச் செல்லும் தேர்வு தனியாக வேண்டும். மெதுவேகத்தைத் தாண்டியபின் இடப்பக்கம் விலக இடது கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். சொல்லித் தராமல் இதை நம்புவோர் குறைவு. பிரேக்கை விட்டபின்தான் விலக வேண்டும், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் முன் டயரின் பிடி போய்விடும்.

அடுத்தது எந்த வண்டி என்ற கேள்வி. சிங்கப்பூர் இன்றும் சி.சி.யைக் கொண்டே படிகளைப் பிரிக்கிறது: 200 வரை, 400 வரை, அதற்கு மேல். சி.சி. மட்டும் நல்ல அளவுகோல் இல்லை என்பது எங்கள் கருத்து. 350-க்கும் 400-க்கும் இடையில் 20 குதிரைத்திறன் தரும் வண்டியும் உண்டு, 40-ஐத் தாண்டுவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடப்பில் உள்ள நடுப்படி உரிமத்தில் எல்லை 35 கிலோவாட், எடையில் கிலோவுக்கு 0.2 கிலோவாட். ஆஸ்திரேலியாவில் 660 சி.சி. உச்சவரம்போடு டன்னுக்கு 150 கிலோவாட் என்ற விகிதமும் சேர்கிறது. எடையையும் திறனையும் சேர்த்துப் பார்க்கும் இந்த வழியே சரி. திறனைக் குறைத்து விற்கும் வண்டிகளில் தடுப்பைக் கழற்றுவது சில நிமிட வேலை. ஐரோப்பிய விதி அதனால்தான், குறைத்த திறனைப் போல் இரு மடங்குக்கு மேல் அசல் திறன் உள்ள வண்டியை ஏற்பதில்லை. அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மின்சார பைக்குக்கு சி.சி.யே கிடையாது. அதற்குப் பொதுவாகக் குறிக்கப்படுவது தொடர்ச்சியாகத் தரக்கூடிய திறன்; சில விநாடிகளுக்கு மோட்டார் அதை வெகுவாக மிஞ்சும். விதியில் உச்சத் திறன் என்று தெளிவாக எழுதாவிட்டால், தாளில் சிறிய வண்டி சாலையில் பெரிய வண்டியாக இருக்கும். கிளட்ச் இல்லாத வண்டியில் தேர்வு ஓட்டியவருக்கு கியர் வண்டி உரிமம் தரக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துவிடுங்கள்.

பழகுநர் காலத்தை நீட்டுவதில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆறு மாதமும் வண்டி வீட்டில் நின்றால் ஒன்றும் கற்றாகாது. மணிக்கணக்குப் பதிவேடு கேட்டால் முந்தின இரவு உட்கார்ந்து நிரப்பிவிடுவார்கள். இரவில் ஓட்டத் தடை என்பதும் இரவுப் பணிக்குப் போகிறவரைத்தான் முதலில் அடிக்கும். அதைவிட இரவில் ஒரு கட்டாயப் பயிற்சி வகுப்பு மேல்.

பின்னால் ஆள் ஏற்றுவதற்குத் தடை மட்டும் உரிமம் வந்த முதல் சில மாதங்களுக்கும் தொடரட்டும். 140 கிலோ வண்டியில் 60 கிலோ பின்னால் ஏறினால் முன்பக்கம் லேசாகிறது, பிரேக் தூரம் மாறுகிறது, பின் டயரில் காற்றழுத்தம் கூட்ட வேண்டியிருக்கிறது. தனியாக நிறுத்தப் பழகிய கைக்கு இது வேறு வண்டி.

வரைவு விதியை வெளியிடும்போது தேர்வுத் தளத்தின் வரைபடத்தையும், தூர அளவுகளையும், தவறுகளுக்கான குறிப்புத் தாளையும் அதனோடு இணைத்து வெளியிடுங்கள். பயிற்சி தருவோர் அதே அளவில் கூம்புகளை வைத்துப் பழக்கத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன ஓட்டுநர் பயிற்றுநர்கள்