டீக்கடைக்குப் பையன் கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். கடையில் மேசை துடைக்க ஆள் போதவில்லை, வேலுவின் மகனை ரங்கூனுக்கு அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தாய். அனுப்ப மாட்டேன் தம்பி.

அவனுக்கு 11 வயது. பார்த்தால் எட்டு என்றுதான் சொல்வாய். 2015-16 கணக்கெடுப்பில், நம் பர்மாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 29 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று வந்தது. அப்போது கைப்பிள்ளையாக இருந்தவன் இவன். ஆடி, ஆவணியில் அந்த வீட்டில் சோறும் நாப்பி என்கிற மீன் விழுதும் கீரையும்தான். மீன் என்றால் வயலில் இவன் பிடித்ததாக இருக்கும்.

வேலு சோம்பேறி இல்லை. நாலு ஏக்கர் குத்தகைக்கு உழுகிறான். 2012 நிலச்சட்டப்படி ஏழாம் நம்பர் படிவம், அதாவது நிலத்தை உழும் உரிமைச் சான்று, யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அரசாங்க விவசாய வங்கியில் கடன். குத்தகைக்காரன் எதைக் காட்டுவான்? உர மூட்டை லட்சம் கியாட்டைத் தாண்டிய பிறகு மாதவட்டிக்கு வாங்காமல் நடவு நடக்காது. அறுத்த நெல் களத்திலேயே கடன்காரனுக்குப் போய்விடுகிறது. மிச்சத்தை அடைக்கத்தான் பிள்ளையின் ஒரு வருடச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்கிறான்.

அங்கே வந்தால் வயிறாரச் சாப்பிடுவான் என்கிறாய். சாப்பிடுவான், அது நிஜம். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ராத்திரி மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கிறவன் எப்போது படிப்பான்? 2019-இல் வந்த குழந்தை உரிமைச் சட்டமும் 14 வயதுக்கு முன் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் எனக்கு மனசு வராது. போன வாரம் வேலு பூச்சிமருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு பர்மிய எழுத்து தெரியாது. பிள்ளைதான் புட்டியைத் திருப்பித் திருப்பி, பொடி எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, ஒரு டின் தண்ணீருக்கு எத்தனை மூடி என்று சொன்னான். முகத்தில் துணி கட்டச் சொன்னதும் அவன்தான். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த முதல் ஆள். நம் ஊரில் டீக்கடைக்குப் போன பிள்ளை யாரும் பள்ளிக்கூடம் திரும்பி நான் பார்த்ததில்லை.

நீ தருவதாகச் சொன்ன முன்பணத்தை வேலுவுக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடு. கார்த்திகையில் அறுப்பு முடிந்ததும் களத்தில் நானே நின்று வாங்கி அனுப்புகிறேன். கடைக்குப் பெரிய ஆளாகப் பார். கூலி கூடத்தான் ஆகும், ஆகட்டும். அப்புறம், பிள்ளைக்கு நாலு நோட்டும் ஒரு மழைக்கோட்டும் வாங்கி, பெகு பக்கம் நம் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடு. கோட்டு சின்ன அளவாக இருக்கட்டும். பதிலைச் சீக்கிரம் எழுது, வேலு தினமும் வந்து கேட்கிறான்.

அன்புடன்,
அப்பா