ஆண்டறிக்கை: ஆற்றோரக் காடும் வால்பாறையும்

தலைவர் அவர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாக எத்தனை கூட்டம் நடத்தினோம் என்ற கணக்கில்தான் அறிக்கை தொடங்கும். இந்த முறை ஆற்றங்கரையிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஆண்டு நம் வேலையில் முக்கால்வாசி அங்கேதான் நடந்தது.

சுமார் 220 சதுர கிலோமீட்டர் கொண்ட நம் வால்பாறை மேட்டுநிலம் பெரும்பாலும் தேயிலை. நடுவில் காப்பி, ஏலம், அங்கங்கே மிஞ்சிய சோலைத் துண்டுகள். சுற்றிலும் காடு: இந்தப் பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளமும் வாழச்சாலும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற யானை நம் எஸ்டேட்டுகளைக் கடந்தே தீர வேண்டும். இரவில் அது தேயிலைக்குள் நடந்துவிடும். பகலில் இடுப்பளவு தேயிலைக்கு நடுவே எங்கே நிற்கும்? நடுமலை ஆறு, சோலையாறு ஓரமாக மிச்சமிருக்கும் மர வரிசையில்தான். 2002 முதல் இங்கே யானைகளைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்களும் இதையே பதிவு செய்திருக்கிறார்கள்: வெட்டவெளித் தேயிலையைப் பகலில் தவிர்த்து, சோலைத் துண்டையும் ஆற்றோரத்தையும்தான் கூட்டம் தேடிப் போகிறது.

பிப்ரவரியில் ஒருநாள் நானே பார்த்தேன். உச்சி வெயில். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் பேசாமல் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். அறுபதடி அகலம்கூட இல்லாத மர வரிசை. முதலில் ஈத்தை என்கிற ஆற்றோர மூங்கில் முறிகிற சத்தம் மட்டும். அப்புறம் இலைகளுக்கு நடுவே ஒரு காது அசைந்தது. அதன் காலடியில் ஒரு குட்டி. சூப்பர்வைசர் சத்தம் போடாமல் ஆட்களை வேறு பீல்டுக்கு மாற்றினார். சாயங்காலம் எடை போட்டு எல்லோரும் லைன் வீட்டுக்குப் போன பிறகுதான் கூட்டம் வெளியே வந்து, தேயிலையைக் கடந்து மேட்டுச் சோலைக்குள் போனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

யானை மட்டுமா? அதே கரையில், ஒரு தட்டைப் பாறைமேல் நண்டு ஓடு கலந்த எச்சம் கிடந்தது. நீர்நாய். நிழல் போனால் கரையில் அதற்கு ஒதுங்க இடமில்லை. சோலைமந்திக்கும், அதாவது சிங்கவால் குரங்குக்கும், மரத்துக்கு மரம் கிளை தொட வேண்டும். தொடாத இடத்தில் தரையில் இறங்கி ரோட்டைக் கடக்கிறது.

கரையில் மரம் வளர்க்க நாம் நட்ட நாற்று விஷயத்தில் ஒரு தவறு நடந்தது. என் பொறுப்பில் நடந்தது. ஜூன் மாதம் நாவல், அத்தி, வெடிப்பலா நாற்றுகளைத் தண்ணீருக்கு மிக அருகில் நட்டோம். ஜூலை வெள்ளம் கீழ்வரிசை முழுவதையும் கொண்டுபோய்விட்டது. மேட்டில் நட்டவை நிற்கின்றன. வரும் ஆண்டு ஓரத்தில் ஈத்தை, அதற்கு மேலே மரம் என்று நடுவோம். கரையில் புதராய் மண்டிய உண்ணிச்செடியையும் ஒரேயடியாக வெட்டாமல், நாற்று தலைதூக்கும் இடத்தில் மட்டும் எடுப்போம். வெறும் கரையை மழை விட்டுவைக்காது.

ஒரு தோட்டத்தில் கரைவரை மரங்களை வெட்டிவிட்டார்கள். அந்த மாதமே பக்கத்துச் சத்துணவுக் கூடத்தின் சுவரை அரிசிக்காக ஒரு யானைக் கூட்டம் உடைத்தது. வெட்டியதால்தான் உடைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய பகல்களில் அந்தக் கூட்டம் ஒதுங்கி நின்ற இடம் அந்தக் கரைதான். நிர்வாகத்திடம் இரண்டு முறை பேசினோம். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் மருந்து அடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். மரம் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.

நம் ஊரில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர், அது நிற்பது தெரியாமல் இருட்டில் எதிரே போனவர்கள். 2011 முதல், யானை பக்கத்தில் நிற்பதை எச்சரிக்கும் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. குறுஞ்செய்திக்குப் பதிவு செய்யாத உறுப்பினர்கள் இன்றைக்கே கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகவும்.

மற்றவை சுருக்கமாக: மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பள்ளிப் பிள்ளைகளை மூன்று முறை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனோம். நாற்றங்காலுக்கு நிழல்வலை வேண்டும், தண்ணீர் ஊற்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கலாம்.

வரவு செலவுக் கணக்கை இனிப் பொருளாளர் வாசிப்பார்.