வெளியே தெரியாத வலி

ஆசிரியருக்கு வணக்கம். கொடைக்கானலில் கஞ்சா என்று சொன்னாலே போலீஸ் செக்கிங்கும் டூரிஸ்ட் பையன்களும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். என் கவலை வேறு: அது வலிக்கு மருந்தாகுமா என்பது. எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு முழுக்கத் தீராமல் வலிக்கும் நோய். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல், ஆனால் மார்கழிக் குளிரில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கக்கூட விரல் மடங்காது, வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார இடம் கேட்டால் "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலிலும் இந்த நோயின் பெயர் இல்லை.

1985 போதைப்பொருள் சட்டமே மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கஞ்சாவைப் பயன்படுத்த வழி விட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தபோது இந்தியாவும் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டது. அப்புறம் ஏன் டாக்டரிடம் இதைப் பற்றி வாய் திறக்கவே பயப்பட வேண்டியிருக்கிறது? கண்டவர் கைக்கும் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, என் நோய்க்கு இது கேட்கும் என்பதற்கு ஆதாரம் இன்னும் குறைவுதான் என்பதும் தெரியும். சரி, அரசு மருத்துவக் கல்லூரிகளில் முறையாக ஆராயட்டும், பலன் இருந்தால் டாக்டர் அளவு எழுதித் தரும் சீட்டுக்கு அரசு மருந்தகத்திலேயே கொடுக்கட்டும்.

ஒரு வாசகி,
கொடைக்கானல்