கொலை செய்ய மே மாதம்தான் கிடைத்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குற்ற நாவல்கள் எல்லாம் பஸ் ஸ்டாண்டில் வாங்கி பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குகிற சரக்கு என்ற தோரணையில் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒருவர் எழுதியிருந்தார். கோபம் வந்தது, அதான் எழுதுகிறேன்.

இங்கே குன்னூரில் ஐப்பசி மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த நான்கு நாளில், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் ரான்கினின் 'பிளாக் அண்ட் ப்ளூ'வை முடித்தேன். தாளெல்லாம் ஈரம் குடித்து உப்பிப்போயிருந்ததால் அடுப்போரம் வைத்துக் காயவைத்துத்தான் புரட்ட முடிந்தது. 1997-ல் வந்த நாவல், எடின்பரோ இன்ஸ்பெக்டர் ரீபஸ் வரிசையில் எட்டாவது. 1968, 69-ல் கிளாஸ்கோ நடன அரங்குக்குப் போன மூன்று பெண்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்டு, கடைசிவரை பிடிபடாமலே போன 'பைபிள் ஜான்' என்ற நிஜ ஆசாமியைக் கதைக்குள் இழுத்துவந்து, அவனைப் பார்த்து இன்னொருவன் கொலை செய்யக் கிளம்ப, அந்தப் பழையவனே புதியவனைத் தேடுவதாக எழுதியிருக்கிறார். ரீபஸ் நல்ல குடிகாரர், மேலதிகாரிகளோடு ஒத்தே போகாது.

எனக்குப் பிடித்தது அதுவல்ல. எடின்பரோவும் ஊட்டி மாதிரி டூரிஸ்ட் ஊர்தான், கோட்டை, ஆகஸ்ட் கலைவிழா, அப்படி இப்படி. ஆனால் ரீபஸ் நிற்பது அதே ஊரில் டூரிஸ்ட் பஸ் போகாத கிரேக்மில்லர் பகுதியில். அங்கிருந்து வடகடல் எண்ணெய்ப் பணம் புரளும் அபர்டீன் வரை துப்பு இழுத்துக்கொண்டு போகிறது.

நம் கதைகளில் ஊட்டி என்றால் என்ன? தேனிலவு ஜோடி, பங்களா, பனிமூட்டத்தில் ஒரு கத்தி, சென்னையிலிருந்து காரில் வரும் துப்பறிவாளர். அந்த பங்களாவைப் பெருக்கியவள் எந்த எஸ்டேட் லைன் வீட்டுக்காரி என்று எவராவது கேட்டதுண்டா? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கொழுந்து பறிக்கும் குடும்பங்கள், பச்சைத் தேயிலை விலை விழுந்து வட்டிக்கு வாங்கியவர்கள், சரிவை வெட்டி ரிசார்ட் கட்டுகிறவர்கள் என்று பகைக்கும் கொலைக்கும் இங்கே காரணமா இல்லை? எங்கள் தெரு டீக்கடையில் ரிட்டையரான ஏட்டய்யா ஒருவர் வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே சொல்லும் கதைகளில் பாதியை எழுதினாலே போதும், வர்க்கி ஊறி டம்ளருக்குள் விழுவதுகூடத் தெரியாமல் பேசுவார் மனுஷன்.

அப்புறம் ஒன்று. அடுத்த தொடர்கதை ஊட்டியில்தான் என்றால், தயவுசெய்து மே மாத மலர்க் கண்காட்சியை விட்டுவிடுங்கள். மண் சரிந்து மலை ரயில் நின்றுபோகிற மாதத்தில் ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்